3டி போர்ட்ஃபோலியோவுக்கு டியூஷன்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பென்சிலும் வண்ணமும் நன்றாக வரும். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியின் (பாலிடெக்னிக்) வடிவமைப்புப் படிப்புக்கோ, லசால் கலைக் கல்லூரி அல்லது நன்யாங் நுண்கலைக் கழக டிப்ளோமாவுக்கோ விண்ணப்பிக்க நினைக்கிறாள். போர்ட்ஃபோலியோவில், அதாவது விண்ணப்பத்தோடு காட்டும் படைப்புத் தொகுப்பில், முப்பரிமாண (3டி) வேலை ஒன்றுகூட இல்லை. ஒரு டியூஷன் நிலையம் ஆறு மாதத்தில் பத்துப் படைப்பு என்று பேக்கேஜ் சொல்கிறது. அதில் சேர்ப்பதா, தனி ஆசிரியர் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் காசு கொடுத்து வாங்கக்கூடியது எது, அவளே செய்தாக வேண்டியது எது என்பதை முதலில் பிரித்துவிட்டால் நிலையமா தனி ஆசிரியரா என்ற குழப்பம் பாதி தீரும்.

முதலில் அந்தப் பேக்கேஜின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 24 வாரத்துக்கு 48 மணி நேரம். பத்துப் படைப்பு என்றால் ஒன்றுக்கு ஐந்து மணி நேரம்கூடக் கிடைக்காது. 25 சென்டிமீட்டர் உயரக் களிமண் உருவம் ஒன்றை யோசித்து, சிறு மாதிரி செய்து பார்த்து, கட்டி, மேற்பரப்பை முடிக்க, புதிதாகக் கற்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு பதினைந்து மணி நேரமாவது பிடிக்கும். மீதி மணி நேரம் யாருடைய கையிலிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆசிரியரின் கையிலிருந்துதான். நேர்முகத்தில் இது வெளிப்பட அதிக நேரம் ஆகாது. ‘இந்தக் கழுத்தை உடம்போடு எப்படி ஒட்டினாய்? உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்டாலே போதும். சொந்தமாகச் செய்த பிள்ளை கையை ஆட்டி ஆட்டி விளக்கும். மற்றப் பிள்ளை ‘சார் சொன்னார்’ என்பதில் நின்றுவிடும்.

எனவே காசு கொடுக்க வேண்டியது நான்கு விஷயத்துக்கு: வீவக அடுக்குமாடி வீட்டில் இல்லாத இடம், களிமண் சுடும் சூளை, ஆபத்தான கருவிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி, வேலையைச் சுற்றிவந்து பார்த்துக் குறை சொல்லும் இரண்டாவது கண். ஆசிரியர் தன் திருத்தத்தைத் தனியாக ஒரு களிமண் உருண்டையில் செய்து காட்ட வேண்டும், மாணவியின் வேலையில் கை வைக்கக் கூடாது. இதை முதல் நாளே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கிற ஆசிரியர் வேண்டாம்.

ஆசிரியரைத் தேடும் முன் இன்னொன்று. 3டி என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம், ஆனால் சேர்க்கைக் குழுக்கள் தேடுவது ஒன்றல்ல. நுண்கலைப் பக்கம் போனால் பொருளோடும் வடிவத்தோடும் பிள்ளை எப்படிச் சிந்திக்கிறாள் என்று பார்ப்பார்கள். தொழில்துறை வடிவமைப்பு, உள்ளரங்க வடிவமைப்பு என்றால் ஒரு பிரச்சினையை எடுத்து அட்டையில் நாலைந்து மாதிரி செய்து, எது ஏன் வேலை செய்யவில்லை என்று காட்டுவது முக்கியம். அங்கே அழகான சிலை மட்டும் கொண்டுபோனால் எடுபடாது. அனிமேஷன், விளையாட்டு வடிவமைப்பு என்றால் பிளெண்டர் போன்ற மென்பொருள் வேலை கைகொடுக்கும், ஆனாலும் கையால் பிசைந்து பழகிய பிள்ளையின் கணினி உருவத்துக்கு எடை தெரியும் என்பது என் கருத்து. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஆசிரியரைத் தேடினால், பிளெண்டர் மட்டுமே தெரிந்தவரிடம் களிமண் கற்கப் போன கதையாகிவிடும். பன்னாட்டுப் பள்ளிகளில் அமெரிக்கப் பாடத்திட்டம் படிப்பவர்களுக்கு ஏபி (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்) 3டி கலை வடிவமைப்பு என்று தனித் தேர்வே உண்டு. அதில் தெரிவு செய்த 5 படைப்புக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு கோணமாக 10 படமும், ஒரே தேடலைத் தொடர்ந்து செய்ததைக் காட்ட 15 படமும் கேட்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது தேவையில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோணம், கூடவே ஒரு தொடர் தேடல் என்ற அமைப்பு எந்தப் போர்ட்ஃபோலியோவுக்கும் நல்ல எலும்புக்கூடு.

வெளியே தேடும் முன் பள்ளியைப் பாருங்கள். கலை ஆசிரியரிடம் ஓய்வு நேரத்தில் வேலையைக் காட்டி விமர்சனம் கேட்கச் செலவில்லை. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்ற பாடத்துக்கான பட்டறையில் ரம்பம், துளைக் கருவி, பள்ளியைப் பொறுத்து லேசர் வெட்டும் இயந்திரம்கூட இருக்கும். ஆசிரியர் மேற்பார்வையில் பயன்படுத்த அனுமதி கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தேர்வுக்குச் சமர்ப்பிக்கும் கலைப் பாடநெறி வேலை மாணவியின் சொந்த உழைப்பாக இருக்க வேண்டும், பள்ளி ஆசிரியர் அதற்குப் பொறுப்பேற்கிறார். அந்த வேலையை டியூஷனுக்குத் தூக்கிப் போகவே கூடாது. டியூஷன் வேலை தனி, பள்ளி வேலை தனி. பள்ளி வேலையைச் சமர்ப்பிக்கும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கலாம்.

இனி ஆளைத் தேர்ந்தெடுப்பது. ‘எத்தனை பேரைச் சேர்த்துவிட்டீர்கள்?’ என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எல்லாரும் ஓர் எண் சொல்வார்கள், சரிபார்க்க வழி கிடையாது. அதற்குப் பதிலாக மூன்றைப் பாருங்கள். ஒரே ஆண்டு மாணவர் இருவரின் வேலையை அருகருகே காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கையால் செய்ததுபோல் இருந்தால் அது ஆசிரியரின் கை. அடுத்தது, முடியாத வேலை, உடைந்த வேலை, சிறு மாதிரிகள் அங்கே கண்ணில் படுகின்றனவா? தோற்றதற்குத் தடயமே இல்லாத இடத்தில் கற்பித்தல் நடக்கவில்லை. மூன்றாவதாக, அலமாரியில் இருக்கும் சிலையைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் முழுமையாகவும் பின்பக்கம் வழித்துவிட்ட மண்ணாகவும் இருந்தால், ஒரு புகைப்படத்தைப் பார்த்து நகல் எடுக்கவே அங்கே பழக்குகிறார்கள் என்று அர்த்தம்.

இந்த முன்பக்க நோய்தான் ஓவியத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் தடை. உங்கள் மகளுக்கும் வரும். மருந்து எளிது. சுழலும் தட்டில் வேலையை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால் சுற்று திருப்பிவிட்டுத் தொடர வேண்டும். ஆரம்பிக்கும் முன் எட்டுக் கோணத்தில் வெறும் வெளிக்கோட்டு வரைபடம். ஒரே பொருளை, ஒரு மாங்காயோ பழைய செருப்போ, கம்பியில் ஒரு முறை, அட்டையில் ஒரு முறை, களிமண்ணில் ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். கம்பி கோட்டையும் வெற்றிடத்தையும், அட்டை தளத்தையும் மடிப்பையும், மண் திணிவையும் கற்றுத்தரும். முதல் ஆறு வாரம் ஆசிரியர் இப்படித்தான் நடத்தினால் நல்லவரிடம் சேர்ந்திருக்கிறீர்கள்.

வகுப்புக்கு வெளியே காசில்லாமல் ஒரு பாடம் உண்டு. ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி யூஓபி பிளாஸாவுக்கு நடந்தால் போதும். ஆற்றங்கரையில் சிற்பி பொட்டேரோவின் பறவை, உப்பிப் பருத்த திணிவு. அங்கேயே ஓவியர் சல்வடோர் டாலியின் நியூட்டன் சிலை, நெஞ்சிலும் தலையிலும் ஓட்டை போட்டு வெற்றிடத்தையே உருவமாக்கியது. இன்னும் சற்று நடந்தால் ஃபுல்லர்ட்டன் அருகே சோங் ஃபா சியோங்கின் ஆற்றில் குதிக்கும் சிறுவர்கள், எடை எங்கே தாங்கப்படுகிறது என்று யோசிக்கவைப்பது. மூன்றையும் சுற்றிவந்து நாலு பக்கமும் வரைந்தால் அரை நாளில் ஸ்கெட்ச்புக் பத்துப் பக்கம் நிறையும். அளவை மாற்றினால் பொருள் எப்படி மாறும் என்பதற்கு, தேசிய அரும்பொருளகத்தின் வெளியே இருக்கும் குமாரி நாகப்பனின் பெரிய வெண்கல மிளகாயைக் காட்டுங்கள். நம் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் முதலில் ஒரு பிள்ளையார் செய்கிறார்கள். தவறில்லை, ஆனால் கடையில் வாங்கிய பொம்மையைப் பார்த்துச் செய்த பிள்ளையார் போர்ட்ஃபோலியோவில் எதையும் சொல்லாது. அதைவிட சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்களைக் கீழிருந்து பார்த்து, அந்தத் தொலைவில் எந்த விவரம் தெரிகிறது, எது கரைந்துபோகிறது என்று குறித்து, அதிலிருந்து ஒரு சோதனை செய்தால் அது அவளுடைய தேடல்.

பொருள்களில் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது களிமண்ணில்தான். 10 கிலோ பொட்டலம் ஒன்றில் சுவர் 1 சென்டிமீட்டர் கனத்தில் 25 சென்டிமீட்டர் உயர வேலை சுமார் நான்கு வரும். சுவர் கனம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த இடம் ஈரமாகவே நிற்கும், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல். ஒட்டும் இரு பக்கத்தையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைப் பூசி அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டிய காது காயும்போது கழன்று விழும். திடமாகச் செய்த உருவத்தைச் சூளைக்கு அனுப்பும் முன் உள்ளே குடைந்து, காற்றுப் போக ஒரு துளை விட வேண்டும். சூளையில் வெடிப்பதற்குக் காரணம் காற்றுக் குமிழி என்று பலர் சொல்வார்கள். உண்மையான குற்றவாளி உள்ளே மிச்சமிருக்கும் ஈரம். 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவியாகி வெளியேற இடமில்லாமல் சுவரைப் பிளக்கிறது. ஆகவே நன்றாகக் காய்வதுதான் எல்லாம். நம் ஊர் ஈரக் காற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும். முதல் மூன்று நாள் பிளாஸ்டிக்கால் இறுக்கிப் போர்த்தி, பிறகு தளர்த்தி, மொத்தம் இரண்டு வாரம் கொடுங்கள். ஏர்கான் நேராக வீசும் அறையில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணும். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முதல் சுடுதல் 1,000 டிகிரி அளவில், கல்மண் (ஸ்டோன்வேர்) வகைக்குக் கிளேஸ், அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு, பூசிய பிறகு 1,200 டிகிரிக்கு மேல். எல்லாம் முடிய மண் பத்தில் ஒரு பங்கு, சிலது அதற்கும் சற்று மேல், சுருங்கும். 20 சென்டிமீட்டர் வேலை 18 ஆகத் திரும்பி வரும். அடிப்பலகையையோ கண்ணாடியையோ முன்கூட்டியே அளவெடுத்து வெட்டியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

சூளை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள். சூளை நிறையும்வரை காத்திருக்கும் இடங்களில் சில வாரம் ஓடிவிடும். காய்தல், முதல் சுடுதல், கிளேஸ், இரண்டாம் சுடுதல் என்று ஒரு பீங்கான் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜாலான் பஹாரில் 1940இல் கட்டிய டிராகன் சூளையைப் பார்த்துவிட்டு வர அழைத்துப் போங்கள், நல்ல அனுபவம். ஆனால் விறகுச் சூளை எப்போதாவதுதான் எரியும், அதன் முடிவு யார் கையிலும் இல்லை, கெடு நாளை நம்பி அதில் வைக்க வேண்டாம்.

கம்பி எலும்புக்கூட்டுக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி, விரல் போன்ற சிறிய இடத்துக்கு 1.5 போதும். நிற்கும் உருவம் சரிவது பெரும்பாலும் கணுக்காலில், எனவே கம்பி பாதத்தைத் தாண்டி அடிப்பலகைக்குள் இறங்க வேண்டும். கம்பி உள்ளே இருக்கும் வேலை சூளைக்குப் போகாது. காற்றில் காயும் களிமண்ணைக் கம்பிமேல் ஒரேயடியாகத் தடித்துப் பூசினால், மண் சுருங்கும், கம்பி சுருங்காது, வெடிப்பு நிச்சயம். மெல்லிய படலமாகப் பூசி, காயவிட்டு, விரிசலை நிரப்பி மீண்டும் பூச வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்க ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.4 கிலோ. தூளைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைத் தூளில் ஊற்றினால் கட்டி தட்டும். இறுகும்போது அது சூடாகும். கையையோ விரலையோ பிளாஸ்டரில் புதைத்து அச்செடுக்க ஒருபோதும் விடாதீர்கள், கடுமையான தீக்காயம் வரும். அதற்கு ஆல்ஜினேட் என்ற அச்சுப் பொருள் இருக்கிறது. மீதிக் கலவையைத் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள்ளேயே கல்லாகும். பிளாஸ்டர் துணுக்கு களிமண்ணில் கலந்தாலும் சுட்டபின் அந்த இடம் பெயர்ந்து விழும், இரண்டுக்கும் தனித்தனி மேசை வேண்டும்.

அட்டை மலிவு, நல்லது. ஆனால் காகிதக் கூழும் மாவுப் பசையும் இங்கே ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பசை பயன்படுத்தி, மின்விசிறியில் உலர்த்தி, அக்ரிலிக் பூச்சால் மூடுங்கள். தெர்மகோலில் ஸ்பிரே பெயிண்ட் நேராக அடித்தால் அது உருகிக் குழியாகும். முதலில் வெள்ளைப் பசை இரண்டு பூச்சு. வீட்டு நடைபாதையில் ஸ்பிரே அடிப்பது அண்டை வீட்டாரோடு சண்டைக்கு வழி. வேலைகளை அங்கே அடுக்கி வைப்பது தீயணைப்பு விதிக்கும் ஒத்துவராது. ரெசின் என்ற திரவப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், குறைந்தது வீட்டில் வேண்டாம்.

கால அட்டவணைக்கு வருவோம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு விண்ணப்பம் உயர்நிலை நான்கின் நடுப்பகுதியில், இறுதித் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடும். சரியான தேதியும் எத்தனை படம் என்ற கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு, படிப்புக்குப் படிப்பு மாறும். அந்தந்தக் கல்லூரியின் அந்த ஆண்டு அறிவிப்பைத் தவிர யார் சொல்வதையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. இடம் கிடைத்தாலும் தேர்வில் அந்தப் படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதியை எட்டியாக வேண்டும். கலைக்காகக் கணக்கையும் ஆங்கிலத்தையும் கைவிடும் பேச்சே கூடாது. இப்போது தொடங்கினால் ஒன்பது பத்து மாதம் இருக்கும். அதில் முழுமையான வேலை ஆறு, பொருள் சோதனைகள் மூன்று நான்கு என்று வைத்தால் நேர்மையாக முடிக்கலாம். வாரா வாரம் இரண்டு மணி நேரத்தைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணி நேரம் ஆசிரியரோடு, இடையில் கண்காணிப்புள்ள திறந்த பட்டறையில் அவளாகவே வேலை என்பது 3டிக்கு நன்றாகப் பொருந்தும். மண் காய நேரம் வேண்டும், தலையும் தெளிய நேரம் வேண்டும். கட்டணம் பேசும்போது கற்பித்தல், பொருள்கள், சுடுதல், வேலையை வைத்திருக்கும் இடம் என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். சுடுதலை எடைக்கா கொள்ளளவுக்கா வசூலிக்கிறார்கள் என்பது பெரிய வேலைகளில் நிறைய வெள்ளி வித்தியாசம் தரும்.

தேர்வாளர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் சிலையை அல்ல, படத்தை. நல்ல வேலை மோசமான படத்தில் செத்துப்போகும். மாஜோங் தாள் எனப்படும் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றைச் சுவரிலிருந்து மேசைவரை மடிப்பில்லாமல் வளைத்து ஒட்டுங்கள். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் வெள்ளை ஃபோம் போர்டு. வீட்டு மஞ்சள் விளக்கை அணைத்துவிடுங்கள். ஃபோனைக் கிட்டே கொண்டுபோனால் அருகில் உள்ள மூக்கு பெருத்துத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில், உருவத்தின் நடு உயரத்துக்கு லென்ஸை இறக்கி, இரண்டு வினாடி டைமரில் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு உருவம் இரு கோணம், இணைப்போ மேற்பரப்போ தெரியும் நெருக்கப் படம் ஒன்று. ஃபில்டர் வேண்டாம். செய்யும்போதே நிலைக்கு நிலை படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். உடைந்ததையும் சேருங்கள். அது அவளுடைய வேலைதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. செயற்கை நுண்ணறிவில் படம் உருவாக்கி அதைப் பார்த்துச் செய்யும் பழக்கம் பரவுகிறது. ஏபியில் அதற்கு அடியோடு தடை. மற்ற இடங்களின் விதியை விண்ணப்பத்தில் பாருங்கள். என் யோசனை, தொடவே வேண்டாம்.

இதில் எது உறுதி, எது என் கணிப்பு என்றும் சொல்லிவிடுகிறேன். மண், பிளாஸ்டர், படம் பற்றிச் சொன்னவை செய்து பார்த்தால் அப்படியே நடக்கும். ஆசிரியரை எடைபோடும் வழிகள் அனுபவ விதிகள், விலக்கு இருக்கும். ஆறு வேலை போதுமா, எட்டு வேண்டுமா, குழுவுக்குப் பீங்கான் பிடிக்குமா கம்பி பிடிக்குமா என்பதெல்லாம் யாரும் உத்தரவாதம் தர முடியாதவை. தருகிறேன் என்று சொல்லும் நிலையத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

நேர்முகத்துக்கு நேரில் வேலை கொண்டுவரச் சொன்னால், ஒரு கையில் தூக்கக்கூடிய இரண்டு போதும், கூடவே ஸ்கெட்ச்புக். பிளாஸ்டர் வேலையை எம்ஆர்டியில் கொண்டுபோவது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. பெட்டிக்குள் அசையாதபடி பழைய துண்டைச் சுற்றி, கழுத்து, மணிக்கட்டு போன்ற மெலிந்த இடங்களில் பாரம் விழாமல் படுக்கவைத்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். சிறிய குழாய்ப் பசை ஒன்றும் பையில் இருக்கட்டும்.